பழைய லாரியின் பிரேக்கும் முன்சக்கரப் பேரிங்கும்

மைசூர் நகரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரமுள்ள பீடபூமியில் அமைந்துள்ளது. அங்கிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் சரக்கேற்றிச் செல்லும் லாரி மலையிறங்கியே தீரவேண்டும். சாமராஜநகர், ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலத்திற்குச் செல்வோர் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகளைக் கடக்கின்றனர். உதகமண்டலத்திற்கும் மசினகுடிக்கும் இடையே கல்லட்டிப் பாதையில் இத்தகைய வளைவுகள் 36. இப்பாதைகளில் ஏறும்பொழுது வண்டியின் எஞ்சின் சோதிக்கப்படுகிறது. இறங்கும்பொழுது பிரேக் சோதிக்கப்படுகிறது. எஞ்சின் தோற்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. பிரேக் தோற்றால் வண்டி நிற்காது.

2011 ஆம் ஆண்டில் மொழிபெயர்ப்புப் பணியின் நிமித்தம் மைசூரில் தங்கியிருந்த நான், பள்ளிகளுக்கான விஞ்ஞானக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் சென்ற ஒரு பழைய லாரியில் உடன் சென்றேன். திம்பத்தில் இறங்கத் தொடங்கிச் சில வளைவுகள் கடந்ததும், எரிந்த ரப்பரும் கருகிய துணியும் கலந்தது போன்ற நாற்றம் எழுந்தது. வண்டி, பிரேக்கை மிதிக்குந்தோறும் வலப்புறமாக இழுத்தது. பிறகு மிதிகட்டை முன்னைவிட ஆழமாகச் செல்லத் தொடங்கிற்று. வண்டியோட்டி அனுபவசாலி. “ஐயா, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு, எஞ்சினைச் சீற வைத்துக் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசவிட்டு வண்டியை நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை. இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

மைசூர் திரும்பியதும் அவ்வண்டியின் முன் சக்கரங்கள் ஒரு தமிழ் மேஸ்திரியின் பட்டறையில் கழற்றப்பட்டன. அன்று அவர் அருகில் நின்று கண்டதையும் கேட்டதையும், பின்னர்ப் பல கையேடுகளை மொழிபெயர்க்கையில் அறிந்ததையும் இங்கே விளக்க முற்படுகிறேன். கிராமப்பணி அலுவலர்கள் பலர் பழைய வண்டிகளையே நம்பி ஊர் ஊராகச் செல்கின்றனர். அவ்வண்டிகளைப் பட்டறைக்கு அனுப்பும் பொறுப்பும் அவர்களுடையதே. ஆசிரியர்களுக்கோ, உராய்வு, உஷ்ணம், விரிவு ஆகிய பாடங்களுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேரிங்கைத் ‘தாங்கி’ என்றும், பிரேக்கைத் ‘தடை’ என்றும் எழுதலாம், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அச்சொற்களுடன் பட்டறைக்குச் செல்பவர் வேண்டிய பொருளைப் பெறாமல் திரும்புவார். ஆகவே இக்கட்டுரையில் பட்டறை வழக்கே பின்பற்றப்படுகிறது.

டிரம் பிரேக்கின் அமைப்பு

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணமே டிரம். அதனுள்ளே, அச்சோடு அசையாமல் பிணைக்கப்பட்ட தட்டின் மீது, பிறைவடிவான இரண்டு ஷூக்கள் உள்ளன. ஷூவின் வெளிப்புறத்தில் லைனிங் எனப்படும் உராய்வுப் பொருள் ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். மிதிகட்டையை அழுத்தினால் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரைப் பற்றுகின்றன. காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பின்னிழுக்கின்றன. எளிய லாரிகளில் எண்ணெயின் அழுத்தம் ஷூக்களை விரிக்கிறது. கனத்த வண்டிகளில் காற்றின் அழுத்தம், ஆங்கில ‘எஸ்’ எழுத்துப் போன்ற ஒரு கேமைத் திருப்பி அவ்வேலையைச் செய்கிறது. காற்று எண்ணெயை அழுத்த, எண்ணெய் ஷூக்களை விரிக்கும் கலப்பு முறையும் உண்டு. பிரான்சு நாட்டு லூயி ரெனோ 1902 ஆம் ஆண்டில் வகுத்த அமைப்பின் சாரம் இன்றும் மாறவில்லை. 1954 ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ தொழிற்சாலை ஜெர்மானியக் கூட்டுறவுடன் செய்யத் தொடங்கிய டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியாயினும், எண்ணூரில் உருவான லேலண்டு காமெட்டாயினும், டிரம்மைக் கழற்றினால் உள்ளே தெரிவது இதே குடும்பந்தான்.

இரண்டு ஷூக்களும் தோற்றத்தில் ஒன்றே, வேலையில் வேறு. ஒரு கைத்தடியைத் தரையில் ஊன்றி, அதன் நுனி நமக்கு முன்னே இருக்குமாறு சாய்த்துத் தள்ளிச் சென்றால், அது தரையில் குத்தி நிற்க முயல்கிறது. அதே தடியை நமக்குப் பின்னே இழுத்துச் சென்றால், நுனி தரையில் வழுக்கி வந்துவிடுகிறது. டிரம் சுழலும் திசையை எதிர்நோக்கிய ஷூ முதல் தடியைப் போன்றது. உராய்வே அதனை மேலும் டிரம்முக்குள் அழுத்துகிறது. ஓட்டுநரின் காலுக்கு இலவசமாகக் கிடைக்கும் உதவி இது. மற்ற ஷூவை உராய்வு விலக்கப் பார்க்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கில் முதல் ஷூவின் லைனிங் விரைவில் தேய்வதற்கு இதுவே காரணம். ஒன்று அதிகமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு, முன்பு பொருத்தியவர் பிழை செய்துவிட்டார் என்று கருதவேண்டியதில்லை.

இந்த உதவிக்கு ஒரு விலையும் உண்டு. உராய்வு சிறிது குறைந்தால் பிடிப்பு மிகுதியாகக் குறையும். சிறிது கூடினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வலப்பக்க டிரம்மில் உலர்ந்த லைனிங்கும் இடப்பக்க டிரம்மில் கிரீஸ் பட்ட லைனிங்கும் இருந்தால், வண்டி ஏன் வலப்புறமாக இழுக்கிறது என்பது இப்பொழுது விளங்கும்.

இறக்கத்தில் பிறக்கும் உஷ்ணம்

பிரேக் வேகத்தை அழிப்பதில்லை. அதனை உஷ்ணமாக மாற்றுகிறது. மொத்தம் 10,000 கிலோ எடையுள்ள லாரி 700 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 6 கோடியே 86 லட்சம் ஜூல் சக்தி கிடைக்கிறது. அறையின் வெப்பநிலையிலுள்ள 200 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இறக்கம் அரைமணி நேரம் நீடித்தால், ஒரு கிலோவாட் மின்சார அடுப்புகள் 38 அந்நேரம் முழுவதும் எரிந்ததற்கு ஒப்பாகும். நான்கு டிரம்களும் சேர்ந்து 160 கிலோ என்றும், உஷ்ணம் முழுவதும் அவற்றிலேயே தங்குவதாகவும் வைத்துக்கொண்டால், அவை 930 டிகிரி சூடேறவேண்டும். அதாவது செந்தணலாகச் சிவக்கவேண்டும்.

உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. காற்று ஒரு பகுதி உஷ்ணத்தைக் கொண்டு செல்கிறது. மற்றொரு பெரும்பகுதியை எஞ்சின் ஏற்கவேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று ஓட்டுநர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் விதி இக்கணக்கையே சொல்கிறது. டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு நியூட்ரலில் இறங்குபவர், அந்த 38 அடுப்புகளையும் நான்கு டிரம்களுக்குள் வைத்துப் பூட்டுகிறார்.

சூடேறிய டிரம் பிரேக் மூன்று வகையில் தோற்கிறது. முதலாவது, லைனிங்கைக் கட்டியுள்ள பிசின் அதிக உஷ்ணத்தில் சிதைந்து வாயுவை வெளிவிடுவதால் பிடிப்பு குறைகிறது. இரண்டாவது, டிரம் விரிகிறது. 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் கூடும். சுவர் ஷூவை விட்டு விலகிச் செல்வதால் மிதிகட்டை ஆழமாகச் செல்கிறது. திம்பத்தில் எங்கள் ஓட்டுநர் காலில் உணர்ந்தது இதுவே.

மூன்றாவது, எண்ணெயால் இயங்கும் பிரேக்குக்கு மட்டும் உரியது, மூன்றிலும் கொடியது. பிரேக் ஆயில் எனப்படும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதியாமல் தாங்கவேண்டும். ஈரம் ஏறிய பின்னர் அந்த வரம்பு 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. வீல் சிலிண்டரில் அது கொதித்து ஆவியானால், ஆவி அழுத்தத்திற்கு இணங்கிச் சுருங்குமாதலால் மிதிகட்டை எதிர்ப்பின்றித் தரைவரை செல்லும். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஆயில் முழுவதையும் மாற்றுதல் நன்று. திறந்து வைத்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது சிக்கனமாகாது. அவசரத்திற்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுவதோ பெருந்தவறு. சிலிண்டரின் ரப்பர்கள் ஊதிப் பழுதாகிவிடும்.

கழற்றும் முறை

வண்டி சமதரையில் நிற்கவேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும். சக்கர நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சிறிது தளர்த்திக்கொள்ளவேண்டும். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டுகளின் மரை இடஞ்சுழியாக இருக்கும். அவற்றைத் தளர்த்துவதாக எண்ணி மேலும் இறுக்கிப் போல்ட்டை முறித்தவர் உண்டு. ஜாக்கி தூக்குவதற்குரியது, தாங்குவதற்குரியதன்று. அச்சின் கீழ் உறுதியான ஸ்டாண்டு வைத்த பின்னரே கை உள்ளே செல்லவேண்டும். செங்கல்லை அடுக்குதல் கூடாது. செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றுமுன் ஒரு சோதனை செய்துகொள்ளவேண்டும். டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து அசைத்துப் பார்க்க, ஆட்டம் தெரிகிறதென்று கொள்வோம். அது பேரிங்கின் ஆட்டமா, கிங் பின்னின் ஆட்டமா? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்தால் விடை கிடைத்துவிடும். பிரேக் பிடித்ததும் டிரம்மும் அச்சும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறையும். கிங் பின்னின் ஆட்டம் மறையாது. அரை நிமிடச் சோதனைதான். இதனைச் செய்யாமல் வீண் செலவு செய்த அலுவலகங்கள் பல என்பது மேஸ்திரியின் கட்சி.

அடுத்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூக்களை உள்வாங்கச் செய்யவேண்டும். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருக்குமாதலால், ஷூ உள்வாங்காமல் டிரம் வெளிவராது. ஹப்பின் மூடியைக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை நேராக்கி உருவி, கோட்டை வடிவ நட்டையும் வாஷரையும் எடுத்தால், வெளிப் பேரிங்கு கைக்கு வந்துவிடும்; பிறகு ஹப் முழுவதையும் நேராக இழுக்கவேண்டும்.

தூசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இவ்விடத்தில் நான் கண்ட ஒரு காட்சியைக் கூறவேண்டும். டிரம் கழன்றதும், பட்டறையிலிருந்த பதினாறு வயதுப் பையன் காற்றுக் குழாயை எடுத்து ஷூக்களின் மீது ஊதினான். கறுத்த தூசி புகைபோல் எழுந்து, அவன் முகத்திலும் என் சட்டையிலும் அருகில் ஒருவர் அருந்திக்கொண்டிருந்த தேநீரிலும் படிந்தது. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை, நானும்தான்.

நெடுங்காலமாக லைனிங்குகள் கல்நார் சேர்த்தே செய்யப்பட்டன. உஷ்ணத்தைத் தாங்கும் அதன் ஆற்றல் அத்தகையது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. நுரையீரலில் படிந்தால் கரைவதில்லை. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது. நுரையீரல் தடித்து மூச்சு குறையும் ஆஸ்பெஸ்டாசிஸ், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா ஆகியவை இழை உட்சென்று இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படலாம். பதினாறு வயதில் ஊதியவனுக்கு நாற்பது வயதில் நோய் கண்டால், காற்றுக் குழாயை யார் நினைவுகூர்வார்? கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் குறித்து உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு, தொழிலாளரின் உடல்நலத்தை வாழ்வுரிமையின் ஒரு பகுதியாகவே கருதிற்று.

பிரேக்கின் உஷ்ணத்தில் கல்நாரின் பெரும்பகுதி வேறு பொருளாக மாறிவிடுகிறது என்பது உண்மையே. எனினும் மாறாத இழைகளும் தூசியில் எஞ்சுகின்றன. புதிய லைனிங்கை அரம் போட்டுத் தேய்க்கும்பொழுதும், துளையிடும்பொழுதும், சாணை பிடிக்கும்பொழுதும் எழும் தூசிக்கோ இந்தச் சமாதானமும் கிடையாது. இப்பொழுது கல்நார் இல்லாத லைனிங்குகள் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்கவேண்டும். ஆனால் பழைய வண்டியில் முன்பு எது பொருத்தப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே எல்லாத் தூசியையும் கல்நார்த் தூசியாகவே கருதி நடந்துகொள்ளுதல் முறை. காற்றால் ஊதலாகாது, உலர்ந்த தூரிகையால் தட்டலாகாது. சோப்பு கலந்த நீரை மெல்லத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது முகமூடியாகாது. நுண்தூசிக்குரிய முகமூடி வேண்டும். வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுசென்று குழந்தைகளின் துணியோடு துவைத்தல் கூடாது. அலுவலக வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும் அலுவலர், ஈரத்தால் துடைக்கவேண்டும் என்பதை வேலைச் சீட்டிலேயே எழுதிவிடலாம். அதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர்.

டிரம்மும் லைனிங்கும்

டிரம்மின் உட்சுவரில் விரல் நகம் சிக்கும் அளவு கீறல்கள், நீலம் பாய்ந்த திட்டுகள், தலைமுடி போன்ற விரிசல்கள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். மேலோட்டமான உஷ்ணக் கீறல்களை லேத்தில் கடைந்து அகற்றலாம். சுவரை ஊடுருவிய விரிசல் கண்ட டிரம்மைக் கழித்துவிடவேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டிய டிரம்மை எந்த மலைப்பாதைக்கும் அனுப்பலாகாது. கடைவதற்கும் எல்லை உண்டு. மெலிந்த டிரம் உஷ்ணத்தைத் தாங்கும் கொள்ளளவை இழக்கிறது; நம் கணக்கிலிருந்த 160 கிலோ குறைந்தால் வெப்பநிலை எவ்வளவு கூடும் என்பதை மாணவரே கணக்கிடலாம். ஒரு பக்கத்தைக் கடைந்தால் மறுபக்கத்தையும் அதே அளவுக்குக் கடையவேண்டும். லைனிங்கும் இருபக்கமும் ஒரே வகையாக, ஒரே நேரத்தில் மாற்றப்படவேண்டும்.

ரிவிட்டின் தலை டிரம்மைத் தொடும் வரை காத்திருப்பது, லைனிங்கில் மிச்சம் பிடித்து டிரம்மில் இழப்பதாகும். ரிவிட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருமுனைகளை நோக்கி அடிக்கவேண்டும். முனைகளில் தொடங்கினால் லைனிங் நடுவில் உப்பி நிற்கும். கிரீஸ் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மீண்டும் பொருத்தும் வழக்கம் சாலையோரங்களில் உண்டு. மேற்புறம் உலர்ந்துவிடும், அடுத்த மலையிறக்கத்தில் உஷ்ணம் ஏற, உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே கசியும்.

எங்கள் வண்டியின் இடப்பக்க லைனிங் இவ்வாறுதான் பளபளத்தது. அந்தக் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி நம்மைப் பேரிங்கிற்குக் கொண்டு செல்கிறது.

முன்சக்கரப் பேரிங்கு

லாரியின் முன்சக்கரம் பெரும்பாலும் இரண்டு கூம்பு உருளைப் பேரிங்குகளில் சுழல்கிறது. உட்புறத்தில் பெரியது, வெளிப்புறத்தில் சிறியது. 1898 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வண்டி செய்யும் தொழிலிலிருந்த ஹென்றி டிம்கன் இவ்வகைக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகள் திருப்பங்களில் அச்சின் மீது பக்கவாட்டில் அழுத்துவதால் உண்டாகும் தேய்மானமே அவரைச் சிந்திக்க வைத்தது. நேரான உருளை, சுமையை மட்டும் தாங்கும். பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. கூம்பாக்கிச் சாய்த்து வைத்தால் இரண்டையும் தாங்கும்.

ஆனால் கூம்பு ஏன் வழுக்காமல் உருளுகிறது? கடலைப் பொட்டலம்போல் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி மேசைமீது உருட்டிப் பாருங்கள். அது நேராக ஓடாது; தன் கூர்நுனியை மையமாகக் கொண்டு வட்டமிடும். பேரிங்கிலும் எல்லா உருளைகளின் கூர்நுனிகளும், உள்வளையம் வெளிவளையம் இவற்றின் சாய்வுகளும், நீட்டிப் பார்த்தால் அச்சின் மையக்கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு செய்யப்பட்டுள்ளன. ஆகவே தேய்ந்த உருளைத் தொகுதியை மட்டும் மாற்றி, பழைய வெளிவளையத்தை ஹப்பிலேயே விட்டுவிடுவது தவறு. இரண்டும் சோடியாகவே மாறவேண்டும். புதிய வளையத்தைப் பித்தளைத் தண்டால் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கவேண்டும். அது அடியில் அமரும்பொழுது ஓசை மாறுவதைக் காது அறியும்.

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, துணியில் வைத்து உலர்த்தவேண்டும். காற்றுக் குழாயால் அதனைச் சுழலவிட்டு விளையாடுதல் பட்டறைகளில் காணும் வேடிக்கை. எண்ணெயின்றி அதிவேகத்தில் சுழலும் உருளைகள் தேய்வதோடு, கூடு உடைந்து தெறித்துக் கண்ணைப் போக்கவும் கூடும். கழுவிய உருளைகளை வெளிச்சத்தில் பார்த்தால் அவற்றின் கதை தெரியும். வெள்ளிபோல் மங்காமல் இருந்தால் நன்று. செதில் பெயர்ந்த குழிகள் எஃகு களைத்துவிட்டதைக் காட்டும். நீலமோ தவிட்டு நிறமோ பாய்ந்திருந்தால், சூடேறி எஃகு தன் கடினத்தை இழந்திருக்கலாம். அதற்கு மறுவாழ்வு கிடையாது.

எங்கள் வண்டியின் இடப்பக்க வெளிப் பேரிங்கு நீலமாக இருந்தது. மேஸ்திரி ஹப்பிற்குள் விரலை விட்டுக் கிரீஸை வழித்து எடுத்துக் காட்டினார். “சார், இது சேஸிஸுக்கு அடிக்கிற கிரீஸ். ஹப் முழுக்க அடைத்திருக்கிறார்கள்” என்றார். நிகழ்ந்தது இதுவே: முன்பு வேலை செய்தவர் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார். பேரிங்கு சூடாயிற்று. கால்சியம் சோப்பினால் ஆகிய சாதாரண கிரீஸ் நூறு டிகிரியை நெருங்கும்பொழுதே இளகிவிடும். இளகிய கிரீஸ் ஹப் நிறைய இருந்ததால், மாற்றப்படாத பழைய ஆயில் சீலைத் தாண்டி லைனிங்கிற் பாய்ந்தது. இடச்சக்கரத்தின் பிரேக் ஏறக்குறைய இல்லாமற்போக, அதன் பங்கையும் மற்ற மூன்று டிரம்கள் சுமந்து கொதித்தன. சிக்கனமாகவோ தாராளமாகவோ செய்யப்பட்ட மூன்று சிறு பிழைகள் திம்பத்தில் ஒன்றுகூடின.

ஹப்பிற்கு உரியது லித்தியம் சோப்புக் கிரீஸ். அது 180 டிகிரி அளவில்தான் இளகுகிறது, நீரையும் தாங்குகிறது. வேறு கிரீஸுடன் கலந்தால் இரண்டுமே குழைந்துவிடக்கூடுமாதலால், பழையதை முற்றிலும் கழுவியே புதியதை இடவேண்டும். உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், உருளைகளுக்கிடையே புகுந்து மறுபுறம் புழுக்கள்போல் வெளிவரும். சுற்றிலும் அவ்வாறு வந்த பின்னரே அது நிறைந்ததாகும். ஹப்பின் உட்குழியில் மூன்றில் ஒரு பங்கு போதும். மிகுதி இடம் கிரீஸ் விரிவதற்கு. ஆயில் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடவேண்டும்.

நட்டை இறுக்குதல்

வேலை முழுவதிலும் மிக நுண்ணியது இதுவே. ஹப்பைக் கையால் சுழற்றிக்கொண்டே, அது சற்றுக் கனமாகச் சுழலும் வரை நட்டை இறுக்கவேண்டும்; உருளைகள் தம் இடத்தில் அமர்வதற்காக இது. சுழற்றாமல் இறுக்கினால் அவை கோணலாக நின்று வளையத்தில் பள்ளம் பதிக்கும். பின்பு நட்டை முழுவதும் தளர்த்தி, மீண்டும் கையளவு மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின்னுக்குரிய துளை நேர்ப்படும் அடுத்த இடம் வரை பின்வாங்கவேண்டும். துளை நேர்ப்படவில்லையென்று முன்னோக்கி இறுக்குதல் ஒருபோதும் கூடாது.

இதன் அளவைக் கணக்கால் காண்போம். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு அவ்வளவு நகரும். ஆறு வெட்டுகள் உள்ள நட்டில் ஒரு வெட்டு நகர்ந்தால் கால் மில்லிமீட்டர். வேண்டிய தளர்ச்சியோ பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதனாலேயே பல வண்டிகளில் அச்சுமுனையில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு துளைகள் இடப்பட்டுள்ளன. அப்பொழுது நட்டைப் பன்னிரண்டு நிலைகளில் பூட்டலாம், ஒவ்வொரு நிலைக்கும் உள்ள வேறுபாடு பாதியாகக் குறையும். சரியான அளவு எது என்பதில் அவ்வண்டியின் கையேடே இறுதித் தீர்ப்பு. ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கவேண்டும். ஆணியையோ கம்பித் துண்டையோ செருகி அனுப்பிய வண்டிகளின் சக்கரம், வண்டியை முந்திக்கொண்டு வயலில் ஓடியதைப் பார்த்தவர்கள் மைசூர்ச் சாலையிலும் உண்டு.

பிறகு அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும் வரை திருப்பி, உரசாமல் சுழலும் வரை பின்வாங்கவேண்டும். மிதிகட்டையைப் பலமுறை அழுத்தி ஷூக்களை நடுநிலைக்குக் கொணர்ந்தபின் மீண்டும் சரிபார்க்கவேண்டும். காற்று பிரேக் உள்ள வண்டியில், காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் நீரை நாள்தோறும் வெளியேற்றுவது ஓட்டுநரின் கடமை. இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை.

வண்டியைச் சமதரையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்து, பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் புறங்கையை இருபக்க ஹப்புகளின் அருகே கொண்டு செல்லவேண்டும். இளஞ்சூடு இயல்பே. ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால், நட்டு இறுக்கம் அல்லது ஷூ உரசல். வண்டியை அப்பொழுதே திருப்பவேண்டும். சக்கர நட்டுகளை நூறு கிலோமீட்டருக்குள் மறுமுறை இறுக்கவேண்டும்.

எங்கள் வண்டிக்கு இரு டிரம்களும் கடையப்பட்டு, லைனிங், சீல், இரு வெளிப் பேரிங்குகள் யாவும் மாற்றப்பட்டன. மேஸ்திரி ஹப் மூடியின் உட்புறத்தைத் துடைத்து, அதில் ஆணியால் தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் கீறிவிட்டு மூடினார். அடுத்த முறை இதனைத் திறப்பவன் யாராயிருந்தாலும் அவனுக்குத் தெரியவேண்டுமே என்றார்.